ஜாடியா, ஆன்ட்டியா, குழந்தையா: மாண்டிசோரி வகுப்பில் வேலை சொதப்பும்போது எங்கே பார்ப்பது

மாண்டிசோரி ப்ரைமரி வகுப்பில், அதாவது இரண்டரை வயதுக் குழந்தையும் ஆறு வயதுக் குழந்தையும் ஒரே அறையில் அவரவர் பாயை விரித்து அவரவர் வேலையைப் பார்க்கும் அந்த இடத்தில், புதிதாகச் சேரும் ஆன்ட்டிகள் (எங்கள் பக்கம் டீச்சரை ஆன்ட்டி என்றுதான் பிள்ளைகள் கூப்பிடும்) முதல் மாதத்தில் கேட்கும் கேள்விகள் எல்லாம் ஒரே மாதிரிதான் தொடங்கும். "இந்தப் பையன் ஏன் இப்படிப் பண்றான்?"

நானும் அப்படித்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். மிக்சி ஓடவில்லை என்றால் முதலில் ப்ளக்கைப் பார்ப்போம், அப்புறம் ஜாரைச் சரியாகப் பூட்டியிருக்கிறோமா என்று பார்ப்போம், எடுத்த எடுப்பில் மோட்டாரைப் பிரிக்க மாட்டோம். குழந்தை விஷயத்தில் மட்டும் நேராக மோட்டாரில் கை வைத்துவிடுகிறோம். இப்போது நான் பார்க்கும் வரிசை இது: முதலில் பொருள், அடுத்து நான் செய்து காட்டிய விதம், அடுத்து நேரமும் இடமும், கடைசியாகத்தான் குழந்தை. பெரும்பாலும் மூன்றாவதைத் தாண்டிப் போகவே வேண்டியிருக்காது. கீழே இருப்பவை வகுப்பில் திரும்பத் திரும்ப வரும் கோளாறுகள். உங்களுக்கு எது நடக்கிறதோ அதை மட்டும் படித்தால் போதும்.

தண்ணீர் ஊற்றும் வேலையில் தினமும் தரை ஈரம்

"மெதுவா ஊத்து கண்ணா" என்று சொல்வதை முதலில் நிறுத்துங்கள். மெதுவாக ஊற்றினால்தான் அதிகம் சிந்தும். மெல்லிய தாரையாக வரும் தண்ணீர் பாத்திரத்தின் விளிம்பை விட்டுப் பிரியாமல் வெளிச்சுவரோடு ஒட்டிக்கொண்டு வழிந்து அடியில் வந்து சொட்டும். டவராவிலிருந்து டம்ளருக்குக் காபியைப் பயந்து பயந்து மாற்றிப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். கொஞ்சம் தைரியமாகச் சாய்த்தால் தாரை விளிம்பை விட்டுத் துள்ளி விழும்.

குழந்தைகள் போன பிறகு அந்தச் சின்ன நாற்காலியில் நீங்களே உட்கார்ந்து, அதே ஜாடியில், அதே அளவு தண்ணீரை ஊற்றிப் பாருங்கள். நான் முதல் முறை செய்தபோது எனக்கே சிந்தியது. அழகாக இருக்கிறதே என்று வீட்டிலிருந்து ஒரு பித்தளைச் செம்பு கொண்டுபோய் வைத்திருந்தேன், அதன் விளிம்பு வெளிப்பக்கம் உருண்டு மடிந்திருக்கும், மூக்கு கிடையாது. அதில் சிந்தாமல் ஊற்ற நாலு வயதுக் குழந்தையால் முடியாது, எனக்கும் முடியவில்லை. மூக்கு வைத்த சின்ன ஜாடி வாங்கி வைத்ததும் பாதிப் பிரச்சினை போய்விட்டது.

மீதிப் பாதி அளவில் இருக்கிறது. ஜாடியில் இருப்பது முழுவதும் கொட்டினாலும் டம்ளரில் விளிம்புக்கு ஒரு விரல் கீழே நிற்கிற மாதிரி அளந்து வையுங்கள். நிறுத்தத் தெரிவது தனி வேலை, அதை இன்னொரு நாள் தரலாம். இடது கைக் குழந்தைக்கு ட்ரேயைத் திருப்பி வைக்கவேண்டும், ஏனென்றால் கைப்பிடி வலப்பக்கம் இருந்தால் அது மணிக்கட்டை முறுக்கிக்கொண்டுதான் ஊற்றும். ட்ரேயிலேயே ஒரு துண்டு ஸ்பான்ஜும் ஒரு சின்னத் துணியும் இருக்கவேண்டும். துணி இருந்தால் சிந்துவதும் துடைப்பதும் வேலையில் சேர்ந்துவிடும். இல்லையென்றால் சிந்துவது குற்றம், அப்புறம் ஆயாம்மாவைக் கூப்பிடவேண்டும், குழந்தை முழிக்கும்.

தண்ணீருக்கு முன்னால் தானியம் ஊற்றிப் பழக்குவோம் இல்லையா, அதில் நேராக ரவைக்குப் போய்விடாதீர்கள். ரவை கிட்டத்தட்ட தண்ணீர் மாதிரியே ஓடும். மொச்சை, அப்புறம் அரிசி, அப்புறம் ரவை. மொச்சையை மூக்கில் போட்டுப் பார்க்கிற வயசு ஆட்கள் வகுப்பில் இருந்தால் அரிசியிலிருந்தே தொடங்குங்கள்.

இதெல்லாம் சரியாக இருந்தும் வேண்டுமென்றே கொட்டுகிறது என்றால், அதற்கு ஊற்றுவதில் ஆசை இல்லை, தண்ணீரில்தான் ஆசை. மேசை கழுவுதல், துணி துவைத்தல், செடிக்குத் தண்ணீர் விடுதல், எவ்வளவு தண்ணீர் வேண்டுமானாலும் புழங்குகிற வேலை ஒன்றைக் காட்டிக் கொடுங்கள்.

பிங்க் டவர் நிற்கவில்லை, அல்லது தப்பாக நிற்கிறது

சரிகிறது என்றால் பாயைப் பாருங்கள். நாங்கள் ஆசை ஆசையாகப் பத்தமடைப் பக்கத்துக் கோரைப்பாய் வாங்கிப் போட்டிருந்தோம். சிலது நைசாக இருக்கும், சிலது வரிவரியாக மேடும் பள்ளமுமாக இருக்கும். 10 சென்டிமீட்டரிலிருந்து 1 சென்டிமீட்டர் வரை பத்துக் கனசதுரங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் மொத்த உயரம் 55 சென்டிமீட்டர். அடியில் ஒரு வரி மேடாக இருந்தால் உச்சியில் அது பெரிய சாய்வு. பருத்தி ஜமக்காளத்தை வெட்டி ஓரம் தைத்துப் போட்டோம், நின்றது.

வரிசை மாறி அடுக்குகிறது என்றால் ஒன்றும் செய்யவேண்டாம். உண்மையிலேயே ஒன்றும் வேண்டாம். பெரியதின் மேல் சின்னது, அதன் மேல் அதைவிடப் பெரியது என்று வைத்துவிட்டு எழுந்து நின்று பார்க்கும். கண்ணுக்கு உறுத்தினால் மாற்றும். உறுத்தவில்லை என்றால் இன்னும் அந்தக் கண் வரவில்லை, நாளைக்கும் டவர் அங்கேதான் இருக்கும். "பெரிசு எது?" என்று கேட்டு நீங்கள் மாற்றவைத்தால் டவர் சரியாகிவிடும், அது பார்த்தது உங்கள் முகத்தைத்தான்.

இன்னொன்று, தினமும் காலையில் கனசதுரங்களை எண்ணுங்கள். அந்த 1 சென்டிமீட்டர் குட்டி எப்போதும் காணாமல் போகும். எங்களுடையது ஒருமுறை ஒரு பெண்ணின் டிபன் பையில், தயிர்சாத டப்பாவுக்கு அடியில் கிடைத்தது. அது இல்லாமல் டவர் முடிவதே இல்லை, முடியாத வேலையைக் குழந்தை திரும்பவும் எடுக்காது, நாம் "அவளுக்கு ஆர்வம் இல்லை" என்று டைரியில் எழுதிவிடுவோம். குட்டி இருந்தால் இன்னொரு விளையாட்டும் உண்டு. டவரை நடுவில் அடுக்காமல் ஒரு பக்க மூலையை ஒட்டி அடுக்கினால் மறுபக்கம் படிப்படியாக வரும். ஒவ்வொரு படியின் அகலமும் சரியாக 1 சென்டிமீட்டர், அதனால் குட்டியை எடுத்து ஒவ்வொரு படியாக இறக்கிக்கொண்டே வரலாம். டவர் போரடித்துப் போன ஐந்து வயசுக்காரர்களுக்கு இதைக் காட்டுங்கள்.

சிவப்புக் கோல் வாளாகிவிட்டது

ரெட் ராட்ஸ் என்ற, நீளம் மட்டும் மாறும் சிவப்புக் கோல்களில் நீளமானது 1 மீட்டர். எடுக்கிற குழந்தைக்கு மூன்று வயது என்றால் அதன் உயரமும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். நடுவில் பிடித்தால் திரும்பும்போது யார் தலையிலாவது படும், பட்டதும் சண்டை, சண்டை வந்ததும் வாள். இரண்டு முனைகளையும் இரண்டு கையால் பிடித்து, கண் பார்க்கும்படி முன்னால் நீட்டி, மெல்ல நடந்து வருவதைத் தனியாக ஒரு நாள் செய்து காட்டுங்கள், கோல்களை அடுக்குவதை அன்றைக்குத் தொடவேண்டாம். அலமாரிக்கும் பாய்க்கும் நடுவே நாலைந்து பேர் குறுக்கே உட்கார்ந்திருந்தால் இடத்தை மாற்றுங்கள். அப்படியும் வாள்தான் என்றால் கோபப்படாமல் "இது இன்னைக்குப் போதும்" என்று சேர்ந்து கொண்டுபோய் வைத்துவிட்டு, வெளியே ஓட அனுப்புங்கள்.

சிலிண்டர் அதன் சொந்தக் குழியிலேயே போகமாட்டேன் என்கிறது

மரக்கட்டையில் பத்துக் குழி, ஒவ்வொன்றிலும் அதற்கென்றே ஒரு மரச் சிலிண்டர், அதுதான் இந்தப் பொருள். இந்தக் கோளாறு சென்னை, கடலூர், நாகப்பட்டினம் மாதிரி கடலோர ஊர்க்காரர்களுக்கு. ஐப்பசி, கார்த்திகை மழையில் மரம் ஊறி உப்பும். சிலிண்டர் பருத்துக் குழியில் இறுகும், சரியான இடத்தில் வைத்தாலும் பாதியில் நிற்கும். குழந்தை எடுத்துவிட்டு அடுத்த குழியில் போட்டுப் பார்க்கும், அது பெரியது, லொடலொடவென்று உட்காரும். "ஓ, இதுதான் போல" என்று மேலே போய்க் கடைசியில் எல்லாமே குளறுபடி. இந்தப் பொருளின் உயிரே தப்பு செய்தால் தானாகத் தெரிந்துவிடும் என்பதுதான். உப்பிய மரம் பொய் சொல்கிறது.

இந்த முறையை உருவாக்கிய மரியா மாண்டிசோரி அடையாறு பிரம்மஞான சபை வளாகத்தில் பயிற்சி கொடுக்க இங்கே வந்து இறங்கியதே 1939 நவம்பரில்தான், நல்ல மழைக்காலம். அந்த நாளில் கட்டைகளை எப்படிச் சமாளித்தார்கள் என்று எனக்கு அடிக்கடி தோன்றும்.

நாங்கள் செய்வது இது. தரையோடு ஒட்டிய அடித்தட்டில் மரப்பொருள் வைப்பதில்லை. சனிக்கிழமை மின்விசிறிக் காற்றில் சிலிண்டர்களை வெளியே எடுத்துப் பரப்பிவிடுவோம், வெயிலில் வைப்பதில்லை, வெடித்துவிடும். அப்படியும் இறுகினால் நைசான உப்புத்தாளைச் சுருட்டிக் குழிக்குள் விட்டு இரண்டு சுற்று, அதற்கு மேல் வேண்டாம், அதிகம் தேய்த்தால் வெயில் காலத்தில் எல்லாம் எல்லாவற்றிலும் போகும். எண்ணெய் போடவே கூடாது.

மரம் சரியாக இருந்தும் தப்பு வருகிறது என்றால் எந்தக் கட்டை என்று பாருங்கள். நான்கு கட்டைகளில் ஒன்றில் பத்துச் சிலிண்டரும் ஒரே பருமன், உயரம் மட்டும்தான் வேறு. அதில் எதுவும் எந்தக் குழிக்குள்ளும் போகும். ஒன்று உள்ளே முங்கிக் கிடக்கும், ஒன்று துருத்திக்கொண்டு நிற்கும், அவ்வளவுதான் அடையாளம். அதை முதலில் கொடுத்திருந்தால் அவசரம் உங்களுடையது.

மழைக்கால வரிசையிலேயே இன்னொன்று: ஒலிச் சிலிண்டர்களை (குலுக்கிக் கேட்டு ஒரே ஓசை வருவதை ஜோடி சேர்ப்பது) நாமே டப்பாவில் அரிசி, பயறு போட்டுச் செய்திருந்தால், ஜோடி சேரவில்லை என்று குழந்தை சொல்லும்போது ஒன்றைத் திறந்து பாருங்கள். வண்டு விழுந்து மாவாகியிருக்கும். குழந்தையின் காது சரி.

ஸ்பிண்டில் பெட்டியில் கடைசியில் குச்சி மிஞ்சுகிறது, அல்லது பத்தவில்லை

0 முதல் 9 வரை எண் போட்ட அறைகளில் அந்தந்த எண்ணிக்கைக்குக் குச்சி வைக்கும் பெட்டி இது. 1 முதல் 9 வரை கூட்டினால் 45. பெட்டியில் 45 குச்சி இருக்கிறதா என்று நீங்கள் எண்ணியிருக்கிறீர்களா? இதுதான் முதல் கேள்வி, பாதி நேரம் இதுதான் பதிலும். மிஞ்சவும் கூடாது, குறையவும் கூடாது என்பதை வைத்துத்தான் குழந்தை தன் எண்ணிக்கை சரியா என்று தெரிந்துகொள்கிறது, நாம் 44 குச்சியைக் கொடுத்துவிட்டு "திரும்ப எண்ணு" என்கிறோம்.

குச்சி சரியாக இருந்தால் கையைப் பாருங்கள். ஒவ்வொரு குச்சியாக நேராகப் பெட்டிக்குள் போட்டுக்கொண்டே எண்ணுகிறதா? இடது கையில் சேர்த்துப் பிடித்து, ஏழு குச்சி என்றால் கை எவ்வளவு நிறைகிறது என்று உணர்ந்து, அப்புறம் ரப்பர் பேண்ட் போட்டு வைப்பதுதான் வேலை. நீங்கள் காட்டும்போது அவசரத்தில் நேராகப் போட்டிருப்பீர்கள்.

சில குழந்தைகள் ஒவ்வொரு குச்சிக்கும் ஓர் அசை சொல்லும்: "ஒம்", "போ", "து" என்று மூன்று குச்சி போய்விடும். அப்படிப்பட்டவர்கள் எண் கோல்களுக்குத் திரும்பட்டும். அங்கே ஒவ்வொரு பத்து சென்டிமீட்டரும் சிவப்பு, நீலம் என்று மாறி மாறி இருக்கும், கை வைத்தால் ஒரு நிறத்துக்கு ஒரு பெயர் என்று படிந்துவிடும்.

பூஜ்ஜியத்தில் ஒரு குச்சி போடுவதும் உண்டு. காலி அறையைப் பார்த்தால் பாவமாக இருக்கும் போல. "மூணு தடவை கைதட்டு, ரெண்டு தடவை குதி, பூஜ்ஜியம் தடவை குதி" என்று ஐந்து நிமிஷம் விளையாடினால் சரியாகிவிடும்.

கோல்டன் பீட்ஸில் தொண்ணூறு கேட்டால் தொள்ளாயிரம் வருகிறது

கோல்டன் பீட்ஸ் என்பது பொன்னிற மணிகள்: ஒன்றுக்கு ஒற்றை மணி, பத்துக்கு மணிக்கம்பி, நூறுக்கு மணிச் சதுரம். இந்தக் கோளாறை எந்தப் பயிற்சியிலும் எனக்கு யாரும் சொல்லவில்லை. பயிற்சி முழுக்க ஆங்கிலத்தில் நடந்தது, ஆங்கிலத்தில் இந்தக் கோளாறு வராது. அங்கே சிக்கல் லெவன், ட்வெல்வில், அப்புறம் தர்ட்டீனா தர்ட்டியா என்பதில். தமிழில் பதினொன்று, பதிமூன்று, பதினான்கு எல்லாம் பத்தை முன்னால் சொல்லிவிட்டுத்தான் வருகின்றன, கொஞ்சம் முகம் மாறியது பன்னிரண்டு மட்டும்தான். பத்தோடு ஒன்று, இரண்டு என்று சேர்த்து 11 முதல் 19 வரை அமைக்கும் செகான் பலகையில் தமிழ்க் குழந்தைகள் சரசரவென்று போய்விடும். நமக்குப் பள்ளம் வேறு இடத்தில் வெட்டியிருக்கிறது.

சொல்லிப் பாருங்கள்: எழுபது, எண்பது, தொண்ணூறு. பத்துகளின் வரிசையில் போய்க்கொண்டிருந்தது திடீரென்று "நூறு" என்று முடிகிறது. எழுநூறு, எண்ணூறு, தொள்ளாயிரம். நூறுகளின் வரிசை திடீரென்று "ஆயிரம்" என்று முடிகிறது. ஒன்பதே "இருபது, முப்பது" மாதிரி "பது" என்று முடிவதைக் கவனித்திருக்கிறீர்களா? ஒன்பது, தொண்ணூறு, தொள்ளாயிரம் மூன்றிலும் தமிழ் ஒரு வீடு தள்ளிப் போய் பெயர் வைத்திருக்கிறது.

அதனால் கேட்ட எண்ணுக்கு மணிகளைத் தட்டிலிருந்து எடுத்து வரும் பாங்க் விளையாட்டில் "தொண்ணூறு கொண்டு வா" என்றால், நன்றாகக் கேட்கிற, நன்றாக யோசிக்கிற குழந்தை நூறுச் சதுரம் இருக்கிற தட்டுக்குப் போகும். ஒன்பது சதுரத்தைத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு வரும். நான் ஒரு குழந்தையை இதற்காகப் பல நாள் பின்னுக்கு இழுத்து எண் கோலிலிருந்து திரும்ப ஆரம்பித்திருக்கிறேன், நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது. அவளுக்கு எண்ணிக்கையில் ஒரு குறையும் இல்லை, சொல்லை நம்பினாள்.

சரி செய்யும் விதம். தொடக்கத்தில் சில வாரங்கள் வழக்கப் பெயரே வேண்டாம். "எட்டுப் பத்து", "ஒன்பது பத்து", "ஒன்பது நூறு" என்று எண் அட்டையும் மணியும் சேர்ந்து பழகட்டும். கை அதில் நிலைத்த பிறகு, "ஒன்பது பத்துக்கு வீட்டுல கூப்பிடுற பேர் ஒண்ணு இருக்கு, தெரியுமா?" என்று தொடங்குங்கள். எண்பது, தொண்ணூறு, நூறு மூன்றையும் பாயில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மூன்று கட்டப் பாடம்: இது தொண்ணூறு, எது தொண்ணூறு, காட்டு, இது என்ன. தொள்ளாயிரத்தை அன்றைக்கே தொடாதீர்கள், வாரம் தள்ளிப் போகட்டும். பெயர் தெரிந்த பிறகும் தப்பு வந்தால் திருத்தாமல், கொண்டு வந்ததைச் சேர்ந்து எண்ணுங்கள்: "ஒரு நூறு, ரெண்டு நூறு..." மூன்றாவதில் அதுவே சிரித்துவிட்டுத் திரும்பக் கொண்டுபோகும்.

எழுத்து வேலையில் சிக்கல்கள்

இதில் தனியாக ஒரு தொகுப்பே இருக்கிறது.

உப்புத்தாளில் வெட்டி ஒட்டிய எழுத்தை விரலால் தடவித்தான் குழந்தை பழகும். நேற்று தடவிய எழுத்து இன்று ஞாபகம் இல்லை என்றால் எந்த எழுத்துகளைச் சேர்த்துக் கொடுத்தீர்கள் என்று பாருங்கள். அ, ஆ, இ என்று அரிச்சுவடி வரிசையில் போனால் மூன்றாவதிலேயே சுழி சுழியாக இ நிற்கும். விரலுக்கு எளிதானது ட, ப, ம, ய. நேர்க்கோடும் ஒரு வளைவும், அதற்குள்ளேயே படம், மடம், பட்டம் என்று வார்த்தை வந்துவிடும். ஒரே பாடத்தில் ன, ண இரண்டையும் வைப்பது, ல, ள இரண்டையும் வைப்பது எல்லாம் நாமே குழிவெட்டுவது. உருவத்திலும் ஒலியிலும் தூரமாக இருப்பவற்றைச் சேருங்கள். உப்புத்தாள் ரொம்பச் சொரசொரப்பாக இருந்தால் விரல் பயந்து நகத்தால் தடவும். வெதுவெதுப்பான தண்ணீரில் விரல் நனைத்துத் துடைத்துவிட்டு உட்காரச் சொல்லுங்கள்.

தனித்தனியாக வெட்டிய எழுத்துகளை எடுத்துச் சொல் அடுக்கும் எழுத்துப் பெட்டியில் "கொடி" என்று வைக்கச் சொன்னால், க வைத்துவிட்டு அதன் வலப்பக்கம் கொம்பையும் காலையும் வைக்கிறதா? நல்ல காது. அதற்குக் க் முதலில் கேட்கிறது, ஒ பிறகு கேட்கிறது, கேட்ட வரிசையில் வைக்கிறது. ஒலியில் பின்னால் வருவதை எழுத்தில் முன்னால் போடுவது நம் எழுத்து முறையின் குணம், அதைக் காதால் கண்டுபிடிக்க முடியாது, யாராவது காட்டத்தான் வேண்டும். நாங்கள் ஒற்றைக்கொம்பையும் காலையும் ஒரே அட்டையில் ஒட்டி, நடுவில் ஒரு சன்னல் வெட்டிவிட்டோம். ஒ ஓசை வேண்டுமா, அந்தச் சட்டத்தை எடுத்துச் சன்னலில் க-வை உட்காரவை. தொ, பொ, மொ என்று எதை வைத்தாலும் சட்டம் அதேதான். சில நாளில் சட்டத்தை விட்டுவிட்டுத் தனித்தனியாக வைக்கத் தொடங்கிவிடும்.

"பகல்" என்பதை "பஹல்" என்று வைக்கிற பிள்ளையும் சரியாகத்தான் கேட்கிறது. கடலில் ஒரு க, பகலில் ஒரு க, தங்கத்தில் ஒரு க, மூன்றுக்கும் ஒரே எழுத்து. ஹ, ஜ மாதிரி எழுத்துகளை இந்தக் கட்டத்தில் பெட்டியிலிருந்து எடுத்துவிடுங்கள். முதலில் சொல்லின் தொடக்கத்தில் வரும் ஒலியை மட்டும் கொடுங்கள், கண், கல், காகம்... அட, காகத்திலேயே இரண்டும் வந்துவிட்டது, அதைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். ழ-வுக்கு அவசரமே இல்லை. "வாயப்பயம்", "வாளப்பளம்" இரண்டும் வகுப்பில் கேட்கும், சில சமயம் பெரியவர்கள் வாயிலேயே கேட்கும்.

ஒரு குழந்தை மட்டும் லை, னை எழுத்துகளை வேறு மாதிரி, தும்பிக்கை போட்டு எழுதினால் வீட்டில் தாத்தாவோ பாட்டியோ சொல்லிக் கொடுக்கிறார்கள். 1978ல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்கும் முன் பள்ளி போனவர்களுக்கு அதுதான் சரி. தாத்தா எழுத்து ஒன்று, பள்ளி எழுத்து ஒன்று என்று சொன்னால் குழந்தைக்குப் பெருமையாகத்தான் இருக்கும், தாத்தாவோடு சண்டைக்குப் போகாதீர்கள்.

பத்து மணிக்கு வகுப்பு சந்தைக்கடை ஆகிறது

ஒன்பது மணியிலிருந்து அருமையாகப் போய்க்கொண்டிருக்கும். பத்து ஆனதும் நாலு பேர் எழுந்து சுற்றுவார்கள், சத்தம் ஏறும், இரண்டு பேர் பாயைச் சுருட்டி ஒருவரை ஒருவர் தட்டுவார்கள். எல்லாரும் களைத்துவிட்டார்கள் என்று தோன்றும். இந்த இடத்தில் மணியடித்து "எல்லாரும் வட்டமா உக்காருங்க, பாட்டுப் பாடலாம்" என்று கூப்பிட்டால் அன்றைய காலை முடிந்தது.

மாண்டிசோரி அம்மையார் குழந்தைகளின் வேலையைக் கோடாக வரைந்து பார்த்தபோதே இந்தப் பத்து மணிக் கலவரம் அதில் வந்திருக்கிறது. அது பொய்க் களைப்பு. எளிய வேலையை முடித்துவிட்டுப் பெரிய வேலைக்குப் போகும் முன் நடுவில் வருகிற தடுமாற்றம். பொறுத்தால் அடங்கி, அதற்குப் பிறகு வருவதுதான் அன்றைய ஆழமான வேலை. காலை வேலைக்கான மூன்று மணி நேரத்தைத் துண்டு போடாமல் விடச் சொல்வது இதற்காகத்தான். அந்த நேரத்தில் நான் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து கையை மடியில் வைத்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்ப்பேன். கால் மணி நேரம். கஷ்டம்தான். யாரையாவது யாராவது அடித்தால் மட்டும் எழுவேன்.

கால் மணியில் அடங்கவில்லை என்றால் பொய்க் களைப்பு இல்லை, வேறு காரணம். காலையில் சாப்பிடாமல் வந்தவர்கள் எத்தனை பேர் என்று பாருங்கள். சிற்றுண்டி மேசை ஒன்பதரைக்கே திறந்திருக்கட்டும், பசித்தவர் போய்ச் சாப்பிடட்டும். அப்புறம், அன்று காலை எத்தனை பேர் கதவைத் திறந்து உள்ளே வந்தார்கள் என்று ஒரு தாளில் கோடு போட்டுப் பாருங்கள். ஃபீஸ் சர்க்குலர், பிறந்தநாள் சாக்லேட், போட்டோ எடுக்க ஒருவர், அட்மிஷன் கேட்டு வந்த பெற்றோருக்கு வகுப்பைக் காட்ட ஒருவர். எங்கள் கணக்கு ஒரு நாள் பதினொன்று வந்தது. அந்தத் தாளை அப்படியே ஆபீசில் கொண்டுபோய் வைத்தேன்.

தினமும் அதே வேலை, அல்லது எந்த வேலையும் இல்லை

ஒரே வேலையைத் திரும்பத் திரும்ப எடுப்பதைப் பார்த்துப் பயப்படவேண்டாம். ரோமில் சான் லொரென்சோவில் 1907ல் தொடங்கிய அந்த முதல் வகுப்பில், மூன்று வயசுப் பெண் ஒருத்தி சிலிண்டர் கட்டையை நாற்பது தடவைக்கு மேல் தொடர்ந்து செய்ததைப் பார்த்துத்தான் மாண்டிசோரிக்கே பொறி தட்டியது. முகத்தைப் பாருங்கள். கண் கையில் இருந்தால் விட்டுவிடுங்கள். கண் வகுப்பைச் சுற்றிக்கொண்டு கை மட்டும் ஓடினால் அது ஒளிந்துகொள்ளும் இடம். அந்த வேலையைப் பிடுங்காமல், அதற்குப் பக்கத்து வேலை ஒன்றைக் காட்டிக் கொடுங்கள்.

எதையும் எடுக்காமல் அடுத்தவர் பாயருகில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருக்கிறது என்றால் அது வேலை செய்துகொண்டுதான் இருக்கிறது. எங்களிடம் ஒருத்தி ஜூனிலிருந்து ஆடிக் கடைசி வரை அப்படி உட்கார்ந்திருந்தாள், ஒரு நாள் எழுந்து போய் யாரும் காட்டாத மேசை கழுவும் வேலையை, வாளி, பிரஷ், சோப்பு, துடைக்கும் துணி என்று ஒரு படி விடாமல் செய்தாள்.

பார்ப்பதும் இல்லை, செய்வதும் இல்லை, சுற்றிச் சுற்றி வந்து எல்லாரையும் கிள்ளுகிறது என்றால் அலமாரிப் பக்கமே கூட்டிப் போகாதீர்கள். கோல், டவர் எல்லாம் அதற்கு இன்னும் வெறும் மரக்கட்டை. நிஜமான வேலை, நிஜமான சாப்பாடு கொடுங்கள். வெள்ளரிக்காய், சின்னப் பலகை, மழுங்கிய நுனியுள்ள குட்டிக் கத்தி. கழுவி, துடைத்து, வட்டமாக நறுக்கி, உப்புத் தூவித் தட்டில் அடுக்கி, ஒவ்வொருத்தரிடமும் போய் "வேணுமா?" என்று கேட்கச் சொல்லுங்கள். கிள்ளிய கையாலேயே கொடுக்கும், கிள்ளு வாங்கினவர்களும் வாங்கிச் சாப்பிடுவார்கள். உங்களிடமும் வரும். உப்பு அள்ளிப் போட்டிருக்கும், முகத்தில் காட்டாமல் தின்றுவிடுங்கள்.